உப்புநீர் மீன் தொட்டியைப் பக்குவப்படுத்தும் முறை

கடலோரக் கிராமங்களில் மீன்பிடித் தொழிலோடு துணைத்தொழிலாகக் கைக்கொள்ளத்தக்கவற்றுள் கடல் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்றாகும். கோமாளி மீன் போன்ற இனங்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நிலையத்திற்கு மண்டபத்தில் மண்டல மையம் உண்டு. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை வாங்கி, விற்பனைக்குரிய அளவு வரும்வரை வளர்ப்பது மகளிர் குழுக்களாலும் செய்யக்கூடிய பணியே. ஆயினும் புதுத் தொட்டியில் மீனை விட்ட சில நாட்களிலேயே அனைத்தும் மடிந்து, கடன் மட்டும் எஞ்சி நிற்பதும் உண்டு. இந்நட்டம் தவிர்க்கக்கூடியது. அதற்கு வேண்டுவது மீன் விடுமுன் நான்கு முதல் ஆறு வாரக் காத்திருப்பே. அது ஏன், அந்நாட்களில் செய்யவேண்டுவது யாது என்பதை இங்கு விளக்குவோம்.

மீன் மடிவது ஏன்?

மீன் மூச்சு விடும்போது அதன் செவுள் வழியாக அம்மோனியா வெளிப்படுகிறது. தின்னாது எஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. பரந்த கடலில் இது கரைந்து மறையும். சிறு தொட்டியில் தேங்கும். தெளிந்த நீரிலும் இந்நஞ்சு இருக்கக்கூடுமாதலால் கண்ணால் கண்டறிய இயலாது.

கடல் நீரில் இவ்வபாயம் இன்னும் மிகுதி. அம்மோனியாவின் ஒரு பகுதியே கொடிய நஞ்சாக நிற்பது. காரமும் அமிலமும் மிகாத நடுநிலை நீரில் அப்பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கடல் நீரோ காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8-க்கு மேல். நமது நாட்டு வெப்பநிலையில் அத்தகைய நீரில் அப்பகுதி நூற்றில் ஐந்துக்கும் மேற்படும். ஆதலால் நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கக்கூடிய அளவு, கடல்நீர்த் தொட்டியில் அதனைக் கொன்றுவிடும்.

வயலில் நடப்பதே தொட்டியிலும்

இந்நஞ்சை மாற்றவல்லவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். உழவர்களுக்கு இவை புதியன அல்ல. புன்செய் நிலத்தில் அம்மோனியம் சல்பேட் இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையைச் செய்யும் உயிர்களைத் தனியே பிரித்து அறிந்தவர் ரஷ்ய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி. காலம் 1890-ஆம் ஆண்டையொட்டியது. தொட்டியிலும் இவ்விரு படிகளே நடைபெறுகின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அளவு மிகாதவரை மீனுக்குத் தீங்கில்லை.

பச்சைச் சாணத்தை நாற்றங்காலில் இட்டால் நாற்றுக் கருகுமென்று அதனை மக்கவைத்தே இடுகிறோம். புதுத் தொட்டியும் மக்காத எருக்குழியை ஒத்ததே. நுண்ணுயிர்கள் பெருகுமுன் விடப்படும் மீனுக்கு அது ஏற்றதாகாது.

இவை பெருகக் காற்று இன்றியமையாதது. நீர் நின்ற நெல் வயலின் சேற்றில் காற்றில்லாமையால் இம்மாற்றம் தடைப்படுவதை ஒப்பிட்டு அறியலாம். தொட்டியில் காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும்.

தொட்டியும் நீரும்

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தொடக்கத்திற்குப் போதுமானது. இதில் சுமார் 170 லிட்டர் நீர் கொள்ளும். நிரம்பிய தொட்டி 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாகையால் தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் அமைய வேண்டும். செம்பும் பித்தளையும் உப்புநீரில் கரைந்து கடலுயிர்களுக்கு நஞ்சாகும். எனவே அவற்றாலான குடமோ குழாயோ பயன்படுத்தலாகாது.

கடல் நீரை முகத்துவாரத்திற்கும் படகுத்துறைக்கும் அப்பால் தெளிவான இடத்தில் முகந்து, துணியால் வடிகட்டி, சில நாட்கள் மூடிவைத்துத் தெளியவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு குறையுமாதலால் உப்புமானியால் அளந்தே எடுத்தல் நன்று. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள. கடல் நீர் கிட்டாத இடத்தில் மீன் தொட்டிக்கென விற்கப்படும் கலவை உப்பில் ஏறத்தாழ 6 கிலோவை 170 லிட்டர் நன்னீரில் கரைக்கலாம். உப்பளத்து உப்பு இதற்கு ஆகாது. பாத்தியில் உப்பு விளையுமுன் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. மக்னீசியச் சத்து எஞ்சிய நீரோடு போய்விடுகிறது.

குடிநீர்த் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடர் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் கொல்லும். குழாய் நீரை எடுத்தால் ஒரு நாள் முழுதும் காற்றோட்டத்தில் வைத்து, குளோரின் நீங்கியதைச் சோதித்த பின்னரே சேர்க்க வேண்டும்.

நுண்ணுயிர்கள் ஒட்டி வளரக் கழுவிய சரளை, சிப்பி ஓடு, உடைந்த கூரையோட்டுத் துண்டுகள் ஆகியவற்றை வடிகட்டியில் பரப்பலாம். பவளப்பாறையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தல் கூடாது. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை அடக்கிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

பக்குவம் செய்தல்

நீர் நிரப்பிப் பம்பை இயக்கியபின் நுண்ணுயிர்களுக்கு உணவிட வேண்டும். தூய அம்மோனியம் குளோரைடு ஏறத்தாழ 1 கிராம் கரைத்தால், 170 லிட்டர் நீரில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு அமையும். அது கிடைக்காவிடில் ஒரு சிறு இறால் துண்டை இட்டு அழுகவிடலாம். நன்கு நடைபெறும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சரளை கொணர்ந்து சேர்த்தால் உறைமோர் இட்டதுபோல் வேலை விரைவுபடும்.

இரு நாட்களுக்கு ஒருமுறை சோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்துக் குறித்து வருக. முதலில் அம்மோனியா மட்டும் காணும். இரண்டாம் வாரத்தையொட்டி அது குறைந்து நைட்ரைட் ஏறும். பின்னர் நைட்ரைட்டும் குறைந்து நைட்ரேட் தோன்றும். அம்மோனியா அற்றுப்போகுந்தோறும் அரைக் கிராம் சேர்த்து வர வேண்டும். இல்லையேல் பெருகிய உயிர்கள் பட்டினியால் குன்றும். பி.எச். 8-க்குக் கீழ் இறங்கினால் நீரில் ஒரு பகுதியை மாற்றுக.

இறுதிச் சோதனை எளிது. மீண்டும் 1 கிராம் இட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே இல்லையெனக் காட்டினால் தொட்டி ஆயத்தமாயிற்று. ஒன்றேனும் எஞ்சியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

மீன் விடுதல்

முதலில் பாதி நீரை மாற்றுக. பின்னர் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, ஒரு வாரம் சோதித்த பின்னரே மேலும் சேர்க்கலாம். நுண்ணுயிர்கள் கிடைக்கும் உணவின் அளவுக்கே பெருகுபவை. ஒரே நாளில் கூட்டத்தைச் சேர்த்தால் அவற்றால் ஈடுகொடுக்க இயலாது. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் குளோரின் நீங்கிய நன்னீரையே ஊற்ற வேண்டும். நீர் போகும், உப்புத் தங்கும் என்பதை உப்பளத் தொழிலாளர் நன்கறிவர். வடிகட்டிச் சரளையைக் குழாய் நீரில் கழுவுதல் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

பஞ்சாயத்துகளின் பங்கு

திறப்பு விழாவன்றே தொட்டியில் மீன் நீந்தவேண்டும் என்ற ஆவல் இயல்பானதே. ஆனால் நாளை முன்கூட்டி நிச்சயித்து அதற்கேற்ப மீனை விடுதல் குழுவினரின் முதலை இழக்கச் செய்யும். நீர்ச் சோதனை முடிந்த பின்னரே விழா நாளைக் குறிப்பது முறை. கடனின் முதல் தவணையும் இக்காத்திருப்புக் காலத்தையும் வளர்ப்புக் காலத்தையும் கணக்கிட்டு அமையுமாறு வங்கியினரிடம் பேசலாம். மின்சாரம் தடைப்படும்போது காற்றுப் பம்பை இயக்க ஒரு மின்கலமும், நான்கைந்து குழுக்களுக்குப் பொதுவாக ஒரு சோதனைப் பெட்டியும் ஏற்பாடு செய்தல் பெருஞ்செலவாகாது.

விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தும் நாட்களை எந்த உழவரும் வீண் நாட்களென எண்ணுவதில்லை. மீன் தொட்டிக்கும் அந்நாட்களை அளித்து, நமது கடலோரப் பஞ்சாயத்துகள் இத்தொழிலை உறுதியாக ஊன்றச் செய்யுமென நம்புகிறோம்.