சோறு தின்னும் கோழிக்கு என்ன குறை?

கிளறும் மண் போன பிறகு

முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வயல்கள் மனைகளான பிறகும் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பது நின்றுவிடவில்லை. ஆனால் குப்பைமேட்டைக் கிளறிப் புழு, கரையான், கீரைக்கொழுந்து என்று பொறுக்கிய கோழி, இன்று நாய்க்கும் வண்டிக்கும் பயந்து சிமென்ட் தரையில் அடைபட்டுக் கிடக்கிறது. தீனி என்றால் மீந்த சோறு, ரேஷன் அரிசி. ‘நாட்டுக்கோழி தானே பிழைத்துக்கொள்ளும்’ என்பது குப்பைமேடு இருந்தவரை சரி. அரிசியில் வைட்டமின் ஏ, டி இல்லை, கால்சியம் பெயருக்குத்தான். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் பெட்டை தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. முதலில் தோல்முட்டை, பிறகு எழமுடியாமல் உட்கார்ந்துவிடுவது. வெயில் படாத கூட்டில் வைட்டமின் டி குறைவதால், தின்ற கால்சியமும் உடலில் சேர்வதில்லை.

கோழி சொல்லித்தந்த பாடம்

அரிசி மட்டும் தின்றால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியதே கோழிதான். 1890களில் ஜாவாவின் பதேவியா நகரில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் வளர்த்த கோழிகள் கால் விழுந்து கிடந்தன. மருத்துவமனையில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றவரை நோய் இருந்தது. தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் எழுந்தன. தவிட்டோடு போனது தயமின் என்னும் வைட்டமின் பி1 என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் ராபர்ட் மெக்காரிசன் புறாக்களைக் கொண்டு இதே குறைபாட்டை ஆராய்ந்தார். இவ்வளவு தெரிந்த பிறகும் வெறும் சோற்றைப் போட்டுவிட்டு, கோழி சுணங்கினால் ‘சீக்கு’ என்று விட்டுவிடுவது வருத்தம் தருகிறது.

செறிவூட்டிய அரிசியும் டானிக்கும்

செறிவூட்டிய ரேஷன் அரிசியில் சத்து இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் சேர்ப்பவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12. மனிதரின் ரத்தசோகையைக் கருதிச் சேர்த்தவை அவை. முட்டையிடும் பெட்டையின் கால்சியம் குறையை அவை தீர்க்கா. தண்ணீரில் டானிக் கலந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். விரல் சுருண்டு கணுக்காலால் நடக்கும் குஞ்சுக்கு பி2 உடனே கொடுத்தால் பலன் உண்டு. நாள் கடந்துவிட்டால் நரம்பு மீளாது. கால்சியத்தை வைட்டமின் டானிக் ஈடுசெய்யாது. ஏ, டி அளவு மீறினால் உடலில் தங்கிக் கெடுக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு ஏறக்குறைய 1 சதவீதமே போதும், மிகுந்தால் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே நல்லது. பெட்டை வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். கம்பு, மஞ்சள் மக்காச்சோளம், தவிடு, முருங்கைக்கீரை, கருவாட்டுத்தூள், தினமும் கொஞ்சம் வெயில்: இவை வாங்க முடியாத பொருள்கள் அல்ல. அந்த முட்டையைத் தின்னும் பிள்ளைக்கும் இதில் பங்குண்டு. மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ, டி, பி12 எவ்வளவு என்பது பெட்டை தின்றதைப் பொறுத்தது. ஓட்டின் பழுப்பு நிறமோ இனத்தைப் பொறுத்தது. அதை வைத்துச் சத்தை அளக்க முடியாது.

வெள்ளைக்கழிச்சலா, சத்துக்குறையா?

கழுத்து முறுக்கிக்கொண்டால் அது தயமின் குறையாகவும் இருக்கலாம், வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயாகவும் இருக்கலாம். கால் முடங்கினால் இன்னொரு தொற்றான மாரெக் நோயையும் நினைக்க வேண்டும். பொதுவாகச் சத்துக்குறை மெல்ல வரும்; வெள்ளைக்கழிச்சல் சில நாளில் கூட்டையே காலிசெய்யும். நல்ல தீனி போடுகிறோம் என்று தடுப்பூசியை ஒருபோதும் விடக்கூடாது. வைட்டமின் ஏ குறைந்த கோழிக்குத் தொற்றை எதிர்க்கும் வலுவும் குறைவு என்பதால் இரண்டும் சேர்ந்தே வரக்கூடும். கண்ணால் பார்த்து முடிவுகட்டாமல், இறந்த கோழியை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொடுத்து, கடைசி ஒரு மாதம் என்ன தீனி போட்டீர்கள், தீனி மூட்டையை எப்போது பிரித்தீர்கள், அது மழையில் நனைந்ததா என்பதையும் சொல்லுங்கள். தீனி பற்றிய ஐயங்களுக்கு, நம் தென்புறநகரிலேயே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிலையம் இருக்கிறது.