அதிர்வை அறிதல்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ விளங்குவது திருவரங்கத் தீவு. அத்தீவிலுள்ள திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறலை ஆராய்ந்து 1930இல் நோபெல் பரிசு பெற்ற இவ்வறிஞர், அதற்கு முன்னரே வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளை நுணுகி ஆய்ந்தவர்.

மிருதங்கத்தின் வலப்புறத் தோலின் நடுவே கருநிறப் பூச்சு ஒன்று உண்டு. அப்பூச்சு இல்லாத வெறுந்தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையா. இராமன் மிருதங்கத் தோலின்மீது மெல்லிய மணலைத் தூவி அதிரச் செய்தார். அதிரும் இடங்களினின்று மணல் துள்ளி விலகி, அதிராத கோடுகளில் படிந்தது. கண்ணுக்குப் புலனாகாத அதிர்வு, மணற்கோலமாய்க் காட்சியளித்தது! கருநிறப் பூச்சின் பயனால் ஒன்பது வகை அதிர்வுகள், ஒழுங்குற அமைந்த ஐந்து ஒலிகளாக இணைகின்றன என்பதை அவர் நிறுவினார்.

இசைக்கருவியில் இன்பம் பயக்கும் அதிர்வு, எந்திரத்தில் அழிவு பயப்பதும் உண்டு. கப்பலின் எந்திரத்தையும், நீரைத் தள்ளும் சுழலியையும் இணைப்பது நீண்ட எஃகுத்தண்டு. எந்திரத்தின் உந்துதல் சீராக இருப்பதில்லை; அது துடிப்புத் துடிப்பாகவே தண்டைத் திருகுகிறது. சுழலியின் இதழ்களும் சீரற்ற நீரோட்டத்தில் புகுந்து வருகையில் தண்டைத் தாக்குகின்றன. ஆதலின் பருத்த எஃகுத்தண்டும் சுழலும்போதே முன்னும் பின்னுமாகச் சிறிது முறுக்குண்டு மீள்கிறது. இதுவே முறுக்கதிர்வு ஆகும்.

வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஊஞ்சலை நோக்குக. அது தனக்கென ஒரு கால அளவில் ஆடுகிறது. அவ்வளவோடு பொருந்தத் தள்ளினால், சிறு குழந்தையின் கையும் அதனை உயர ஆட்டிவிடும். தண்டிற்கும் அவ்வாறே இயற்கையான அதிர்வெண் உண்டு. நான்கு இதழ்கள் உடைய சுழலி நிமிடத்திற்கு 100 முறை சுழன்றால், தண்டு 400 தாக்குதல்களைப் பெறும். தண்டின் இயற்கை அதிர்வெண்ணும் நிமிடத்திற்கு 400 ஆயின், அதிர்வு பன்மடங்காகப் பெருகும். மீண்டும் மீண்டும் முறுக்குண்ட எஃகில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். அது வளர்ந்து தண்டையே முறிக்கும். நடுக்கடலில் தண்டு முறிந்த கப்பல், துடுப்பிழந்த ஓடம் போல அலைகளின் வயப்படும். அதிலுள்ளோர் உயிரும் ஊசலாடும்.

வலிமை வாய்ந்த தண்டுகள் முறிவது ஏன் என்பது ஒருகாலத்தில் புதிராக இருந்தது. செருமானியப் பொறியாளர் ஃபிராம், கப்பல் தண்டுகளின் முறுக்கதிர்வை அளந்து, தம் ஆய்வினை 1902இல் வெளியிட்டார். எஃகின் குறை மட்டுமன்று, பொருந்தி எழும் அதிர்வும் முறிவுக்குக் காரணமாகும் என்பது அதனால் தெளிவாயிற்று.

இக்காலத்தில் தண்டின்மீது மெல்லிய உலோக இழையைச் சாய்வாக ஒட்டுகின்றனர். தண்டு முறுக்குண்ணும்போது இழையும் நீளும். அதன் மின்தடை மாறும். அம்மாற்றம் வானொலி அலைவழியே பதிவுக்கருவியை அடைகிறது. தண்டைத் தாங்கும் இடங்களிலும் உணர்கருவிகளைப் பொருத்துகின்றனர். கணிப்பொறி, கலந்து வரும் அதிர்வுகளைத் தனித்தனியே பிரிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை எழும் அதிர்வு பெரிதாயின், எடை ஒருபுறம் மிகுந்திருக்கலாம். இதழ்களின் எண்ணிக்கைக்கு ஒத்து எழுமாயின், சுழலியை ஆராய்தல் வேண்டும்.

இவ்வாறு அறிந்த தீய வேகங்களை வேகங்காட்டியில் செந்நிறத்தால் குறிப்பர். கப்பலோட்டுவோர் அவ்வேகத்தில் நில்லாது விரைந்து கடந்துவிடுவர். மிருதங்கத்தை ஆய்வோரும் கப்பல் தண்டை ஆய்வோரும் தேடுவது ஒன்றே: அதிரும் பொருளின் இயல்பு. அவ்வியல்பை அளந்தறிந்ததனாலன்றோ கடற்பயணம் அச்சம் குறைந்ததாயிற்று!