அடுக்களையில் ஓர் அடியார்



இறைவனிடத்தில் அன்புடையவர் என்று நாம் யாரைச் சொல்லுகின்றோம்? ஆலயத்துக்குத் தவறாமற் செல்பவரை, வேதவாக்கியங்களை மனப்பாடமாக ஒப்பிப்பவரை, நெடுநேரம் முழந்தாளிட்டு ஜெபிப்பவரைச் சொல்லுகின்றோம். அது பிழையன்று. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்து மடமொன்றின் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன்.

நிக்கோலா எர்மான் என்பது அவரது இயற்பெயர். லொரேன் நாட்டில் 1614ஆம் ஆண்டையொட்டி ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். முப்பதாண்டுப் போரிற் படைவீரராயிருந்து காயமுற்றார்; அதனால் ஒரு கால் ஊனமாயிற்று. பிறகு கருவூல அதிகாரி ஒருவரிடம் ஏவலாளாக அமர்ந்தார். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் ஏவலாள் என்று பின்னாளில் தம்மைத் தாமே சொல்லிக்கொள்வாராம்! 1640இல் கார்மேல் சபைத் துறவியர் மடத்திற் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத எளிய உடனுழைப்பாளராகவே அங்கே வாழ்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்பது அங்கே அவருக்கு வழங்கிய பெயர்.

அவர் உள்ளத்தில் அன்பு தோன்றிய வரலாறு எளியது. 18ஆம் வயதில் ஒரு குளிர்காலத்தில் இலையற்று நின்ற மரமொன்றைக் கண்டார். சில திங்களில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தில் இறைவனது வல்லமை அவருக்குத் தெளிவாயிற்று. வேறொன்றும் நிகழவில்லை.

மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையல். சமையலோ அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத தொழில். இதை நீங்கள் கருத்திற்கொள்ள வேண்டும். விரும்பிய வேலையை அன்போடு செய்வதில் வியப்பில்லை. அவரோ பதினைந்து ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தார். வாணலியில் முட்டையைப் புரட்டிப்போடுவதையும் இறைவன்மேல் வைத்த அன்பினாலேயே செய்வதாகச் சொன்னார். நாற்புறமிருந்தும் பலர் பலவற்றைக் கேட்டுக் கூவும் வேளையிலும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது பெறும் அமைதியே அவருக்கு இருந்தது. ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டார். வாணிகமும் தெரியாது; காலும் ஊனம். படகிலே பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர வேண்டியிருந்தது. இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலையும் செவ்வனே முடிந்தது.

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், தணிக்கை அதிகாரி வரும் நாளில் மட்டும் வகுப்பறை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கப்படும். பெருக்கச் சொன்னவனும் நானே. லாரன்சின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அத்துடைப்பங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

பணிவு என்பது தன்னைத் தானே இழித்துப் பேசுவதன்று. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஓயாமற் சொல்பவன் ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றான். தம் சீடரின் கால்களைக் கழுவிய இயேசுநாதர் தம்மைப் பற்றி இழிவாக ஏதும் சொல்லவில்லை. அரையிலே துணியைக் கட்டிக்கொண்டு, தொட்டியில் நீர் வார்த்தார். லாரன்சும் அவ்வழி நின்றவரே. தவறு நேர்ந்தால், என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன் என்று இறைவனிடம் ஒப்புக்கொள்வார். பிறகு அதனை எண்ணி வாடாமல் அடுத்த வேலைக்குத் திரும்புவார். தேர்வில் தோற்ற மாணவன் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த அமைதி எளிதிற் கிடைத்ததென்று கருதவேண்டா. தமக்கு மீட்பே இல்லை என்னும் அச்சம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. எவர் தேற்றியும் தேறவில்லை. இறுதியில் அவர் கொண்ட முடிவுதான் அவர் வாழ்வின் உயிர்நிலை என்பேன். மீட்புப் பெற்றாலும் பெறாவிட்டாலும், உயிருள்ளவரை அவர்மேல் வைத்த அன்பிற்காகவே எதையும் செய்வேன் என்று துணிந்தார். நரகத்துக்கு அஞ்சி நல்லவராயிருப்பவர் உண்டு. விண்ணுலகை விரும்பி நல்லவராயிருப்பவரும் உண்டு. இவரோ அவ்விரண்டையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, கழுவ வேண்டிய பாத்திரத்தைக் கையிலெடுத்தார்.

முதுமையில் அவருக்குச் செருப்புத் தைக்கும் பணி தரப்பட்டது. 1691ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் உயிர்நீத்தார். அவருடன் உரையாடிய போஃபோர் என்னும் குரு, அவர் கூற்றுக்களையும் கடிதங்களையும் தொகுத்து அடுத்த ஆண்டு முதல் வெளியிட்டார். கத்தோலிக்கரேயன்றிப் புரொட்டஸ்டண்டு சபையினரும் அவற்றை விரும்பிப் படிக்கலாயினர். இறைவனோடு இடையறாது வாழும் வழியைக் கேட்ட ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இதனை வேறெவர்க்கும் காட்டலாகாது என்று லாரன்ஸ் நிபந்தனை விதித்திருக்கின்றார். அந்நிபந்தனையும் அக்கடிதத்தோடு சேர்ந்தே அச்சாகியுள்ளது.