பால்வாடிக்கு இன்னொரு டீச்சர்

‘காக்கா பற’ என்றால் தரையில் ஊன்றிய விரலைத் தூக்க வேண்டும். ‘எருமை பற’ என்றால் தூக்கக் கூடாது, தூக்கினால் அவுட். மூன்று வயதுப் பிள்ளை எருமையையும் பறக்கவிட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கும். எருமை பறக்காது என்று அதற்கு நன்றாகவே தெரியும், விரல்தான் முந்திக்கொள்கிறது. ஐந்து வயதில் அதே பிள்ளை விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவன் தூக்குகிறானா என்று ஓரக்கண்ணால் பார்க்கும்.

இந்த இடைவெளியில் வளர்வதைத்தான் உளவியலாளர்கள் ‘எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்’ என்கிறார்கள். உந்துதலை அடக்குவது, சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது, விதி மாறினால் தானும் மாறிக்கொள்வது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். (நம் கல்லா மண்ணா விளையாட்டில் மூன்றுமே இருக்கின்றன.) இதற்குப் பொறுப்பான நெற்றிப்பக்க மூளை முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும்.

இந்த வயதுச் சேட்டை வீட்டில் கவலையாக மாறுவதைக் கொற்கையில் பார்க்கலாம். அந்த ஊர் ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கிவிட, இப்போது ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும். கடற்கரைப் பக்கம் போனால் உப்பளம். விடியுமுன் அம்மா வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளில், பிள்ளையைக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விடுவது ஆச்சிதான். ‘ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கான், டாக்டர்ட்ட காட்டணுமோ?’ என்ற கவலையும் ஆச்சிக்குத்தான்.

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்காருவார். சின்னப் பிள்ளையோ பல நேரம் சுவரேறிக் குதிக்கும். அம்மாவோடு விழித்துக்கொண்ட பிள்ளையின் சேட்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உண்மையான ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்றால் அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். நான்கு, ஐந்து வயதில் அது உறுதியானாலும் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டல். வயதை மறந்து முத்திரை குத்தும் ஆபத்தும் உண்டு. செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கைக்கு வரம்பாக வைத்த அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட இந்த முத்திரை சுமார் 34 சதவீதம் அதிகம் விழுந்ததாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது.

பிள்ளையைச் சோதிப்பது இருக்கட்டும். அது உட்கார்ந்திருக்கும் பால்வாடி அறையில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள்? டீச்சர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். ‘காக்கா பற’ விளையாட நேரம் ஏது?

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை (பால்வாடிகளை) எடுத்து, அவற்றில் பாதிக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே ஓர் அரைநாள் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் பலனை அளந்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் சோதனையிலும் முந்தினார்கள். பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. நம் மண்ணிலேயே கிடைத்த இந்த முடிவு ஏட்டோடு நிற்பது நியாயமில்லை. மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன; அந்த அரைநாள் டீச்சரை எல்லாவற்றுக்கும் அரசு தர வேண்டும்.

ஆச்சிமாருக்கு ஒன்று: 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கு வரும். அது பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. அன்றைக்குப் பிள்ளையை லீவு போடாமல் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய், வீட்டில் என்ன செய்கிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.