ஏ.எம்.எச். குறைந்தால் குழந்தை பிறக்காதா?

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலரையும் பதறவைப்பது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான். ஏ.எம்.எச். ‘லோ’ என்று வந்துவிட்டால், இனி வாய்ப்பே இல்லை என்று வீட்டில் உள்ளவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது அதுவல்ல.

முட்டைகளின் கணக்கு

சினைப்பையில் வளரத் தொடங்கும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன் ஏ.எம்.எச். கருமுட்டை இருப்பைத் தோராயமாகக் காட்டும், தரத்தைக் காட்டாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது.

அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையிலான சுமார் 750 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. குழந்தையின்மைப் பிரச்சினை ஏற்கெனவே இல்லாத அவர்களில், ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு? ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் சிகிச்சையில் முட்டைகளை வளர்க்கப் போடும் ஊசி மருந்தின் அளவை முடிவு செய்யத்தான். பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். அதிகமாக இருக்கும். அவர்களுக்கு மருந்து கூடிப்போனால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத்திணறல்கூட வரலாம். அதிகம் என்பதாலேயே நல்லது என்று மகிழவும் முடியாது.

முந்திக்கொள்ளும் புரொஜெஸ்டிரோன்

ஐ.வி.எஃப். சிகிச்சையில் கவனிக்கப்படும் இன்னொரு ஹார்மோன் புரொஜெஸ்டிரோன். கரு பதிவதற்குக் கருப்பையின் உட்சுவரைத் தயார்படுத்துவது இதுதான். முட்டை எடுப்பதற்கு முன்பே இது உயர்ந்துவிட்டால், உட்சுவர் சீக்கிரமே பக்குவமாகிவிடும்; கரு வந்து சேரும்போது நேரம் பொருந்தாது. மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராமைத் தாண்டினால் பல மருத்துவர்கள் அந்தச் சுழற்சியில் கருவை வைப்பதில்லை. உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு வைக்கிறார்கள். இது தோல்வியல்ல, தள்ளிவைப்பு.

பீட்டா எச்.சி.ஜி.: ஒரு டெஸ்ட் போதாது

கரு பதிந்துவிட்டதா என்று அறிய ரத்தத்தில் பார்ப்பது பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் இந்த ஹார்மோன் 48 முதல் 72 மணி நேரத்தில் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே முதல் எண்ணைவிட, அது ஏறும் வேகமே முக்கியம். மெதுவாக ஏறினால் கருச்சிதைவோ கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பமோ இருக்கலாம். கடும் வயிற்றுவலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முட்டை எடுக்கும் முன் போடப்படும் எச்.சி.ஜி. ஊசி சில நாட்கள் உடலில் தங்கும். அவசரப்பட்டு வீட்டில் செய்யும் சோதனையில் பொய்யாக இரட்டைக் கோடு தெரிய இதுவே காரணம்.

அடுத்தவர் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். ‘இந்த அளவால் என் சிகிச்சையில் என்ன மாறும்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் எந்த ஹார்மோன் மருந்தையும் நிறுத்த வேண்டாம்.