பியர் முதிர்த்தல்

பியர் முதிர்த்தல் என்பது, போத்தலில் அடைக்கப்பட்ட பியரைக் குளிர்ந்த, இருண்ட இடத்தில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வைத்திருந்து, சுவை மாறிய பின்னர் அருந்தும் வழக்கமாகும். பெரும்பாலான பியர்கள் புதிதாக அருந்துவதற்கென்றே ஆக்கப்படுகின்றன. எனினும் பெல்சியம், இங்கிலாந்து முதலிய நாடுகளின் சில வகைகள், போத்தலில் குறிக்கப்பட்ட நாளைக் கடந்தும் சிறப்பாக இருக்கக்கூடியவை.

குறிக்கப்பட்ட நாளின் பொருள்

"இந்நாளுக்கு முன் அருந்துதல் நன்று" என்னும் குறிப்பு சுவையின் தரத்தைப் பற்றியது. அது நச்சு எச்சரிக்கை அன்று. ஆல்ககோல், ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள், அமிலத்தன்மை, கரியமில வளி, ஆக்சிசன் குறைவு ஆகியன ஒருங்கே அமைவதால், நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பியரில் வளர்வது அரிது. ஆகவே நாள் கடந்த பியர் பெரும்பாலும் சுவை கெடுமேயன்றி நஞ்சாவதில்லை. ஆல்ககோல் நீக்கிய பியருக்கு இப்பாதுகாப்பு முழுமையாக இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு உணவுத் தகவல் ஒழுங்குவிதியின்படி, கனஅளவில் 10% அல்லது அதற்கு மேல் ஆல்ககோல் கொண்ட பானங்களில் இந்நாளைக் குறிக்க வேண்டியதில்லை.

ஏற்படும் மாற்றங்கள்

* ஆக்சிசனேற்றம்: இளநிற பியரில் டிரான்சு-2-நோனினல் என்னும் சேர்மம் நனைந்த அட்டையின் மணத்தைத் தருகின்றது. கடுமையான கருநிற பியரில் ஆக்சிசனேற்றம் உலர்திராட்சை, செர்ரி வைன் போன்ற விரும்பத்தக்க சுவைகளைத் தரக்கூடும்.
* ஒளி: ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் ஒளியால் சிதைந்து, கந்தகம் கொண்ட துர்நாற்றச் சேர்மம் உருவாகின்றது. பழுப்பு நிறப் போத்தல் இதனைப் பெரிதும் தடுக்கின்றது.
* ஹாப்ஸ்: முதலில் மணமும், பின்னர் கசப்பும் குறைகின்றன.
* ஈஸ்ட்: போத்தலில் உயிருடன் உள்ள ஈஸ்ட் எஞ்சிய ஆக்சிசனைப் பயன்படுத்திக்கொள்கின்றது. நெடுங்காலத்துக்குப் பின் அது இறந்து சிதைந்து, சோயாக் குழம்பை ஒத்த சுவையைத் தரலாம்.

ஏற்ற வகைகள்

ஏறத்தாழ 8% அல்லது அதற்கு மேல் ஆல்ககோல் கொண்ட பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட் ஆகியன முதிர்த்தலுக்கு ஏற்றவை. ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு வயதுடைய லாம்பிக் பியர்களைக் கலந்து ஆக்கப்படும் பெல்சிய கூஸ் வகையில், சில ஆலைகள் 20 ஆண்டு கழித்து வரும் நாளைக் குறிக்கின்றன. லாகர், கோதுமை பியர், ஹாப்ஸ் மிகுந்த இந்தியா பேல் ஏல் ஆகியன பொதுவாக முதிர்த்தலுக்கு ஏற்றவையல்ல.

சேமிக்கும் முறை

போத்தல்களை 10 முதல் 13 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒளி படாமல், நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெப்பம் கூடும்போது மேற்கூறிய வேதிவினைகள் விரைவுபடுகின்றன. ஆகவே நிலவறையில் பல்லாண்டு தாங்கும் பியரும் வெப்பமான அறையில் விரைவில் கெடும். மூடி கசிந்த போத்தலையும், உப்பிய தகரக் குவளையையும் தவிர்த்தல் நன்று.

எடுத்துக்காட்டுகள்

* 1968 இல் இங்கிலாந்தின் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை, எழுத்தாளர் தாமசு ஹார்டி மறைந்த 40 ஆம் ஆண்டை ஒட்டித் தாமசு ஹார்டி ஏல் என்னும் பியரை முதிர்த்தலுக்கென்றே ஆக்கியது.
* பர்ட்டன் நகரின் பாஸ் ஆலையில் 1869 இல் ஆக்கப்பட்ட ரேட்கிளிஃப் ஏல் போத்தல்கள் 2006 இல் கண்டெடுக்கப்பட்டன. அவை அருந்தத்தக்க நிலையில் இருந்ததாகச் சுவைத்தோர் கூறினர்.
* 2010 இல் பின்லாந்தின் ஓலன்ட் தீவுகளுக்கு அருகே, 1840களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கப்பற்சிதைவிலிருந்து எடுக்கப்பட்ட பியரோ, கடல்நீர் கலந்து, பாக்டீரியாக்களால் புளித்துப் போயிருந்தது.

இவற்றையும் பார்க்க

* நொதித்தல்
* ஈஸ்ட்
* வாற்கோதுமை