எடையில் 2 விழுக்காடு, செலவில் 20 விழுக்காடு: மூளையின் பசியும் ரேணிகுண்டா கற்கருவிகளும்

திருப்பதி: ரயில் சந்திப்புக்கும் விமான நிலையத்துக்கும் பெயர் பெற்ற ரேணிகுண்டா, தொல்லியல் அறிஞர்களுக்குப் பழைய கற்கால மனிதர் உலவிய இடமாகும். அன்றைய ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தில் 1960களில் ஆய்வு மேற்கொண்ட எம்.எல்.கே. மூர்த்தி, இவ்வூரைச் சுற்றி மெல்லிய கல் கத்திகளையும் உளி போன்ற கருவிகளையும் ஆய்ந்து பதிவு செய்தார். பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த அக்கருவிகளைச் செய்தவர்களும் நம்மைப் போன்றே பெரிய மூளை கொண்டவர்கள். அந்த மூளைக்கு நாள்தோறும் உணவு தேடுவதே அவர்களது வாழ்க்கையாக இருந்தது.

சேமிப்பு இல்லாத உறுப்பு:

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. ஆனால், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. தசையைப் போல அதனால் எரிபொருளைப் பெரிதாகச் சேமிக்க இயலாது. ரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் மடியத் தொடங்குகின்றன.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் தீவிரமாக இயங்கும் அளவுக்கு ஆற்றல் கிடைப்பதில்லை. எனவே, ஒரு நேரத்தில் சிறு பகுதி மட்டுமே முழு வேகத்தில் செயல்படுகிறது. பல வேலைகளில் ஒருசேரக் கவனம் செலுத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மூளை வளர்ந்தது எப்படி?

சிம்பன்சியின் மூளையைவிட மனித மூளை ஏறத்தாழ 3 மடங்கு பெரியது. இதற்கான கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? குடல் சிறுத்ததால் மிச்சமான ஆற்றல் மூளைக்குச் சென்றது என்று லெஸ்லி ஐயெல்லோ, பீட்டர் வீலர் ஆகியோர் 1995இல் விளக்கினர். ஆனால், 100 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. நெருப்பில் சமைத்த உணவு எளிதில் செரித்ததே காரணம் என்பது ரிச்சர்ட் ராங்கமின் கருத்து. இறைச்சியை அறுக்கவும் கிழங்கை நறுக்கவும் உதவிய கற்கருவிகளும் மெல்லும் உழைப்பைக் குறைத்தன.

ஐந்து வயதில் உச்சம்:

இந்தப் பழைய கணக்கு இன்றும் ஒவ்வொரு குழந்தையிடமும் தொடர்கிறது. சுமார் 5 வயதில், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே பயன்படுத்துவதாகக் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் 2014இல் கண்டறிந்தனர். அந்த வயதில் உடல் மெதுவாக வளர்வது இதனால்தான் என்பது அவர்களது விளக்கம்.

ஆகவே, அங்கன்வாடியில் வழங்கப்படும் முட்டையும், வீட்டில் பிசையும் ராகிக் களியும், ஒரு பிடி வேர்க்கடலையும் வயிற்றை நிரப்புவதோடு நின்றுவிடுவதில்லை. இளம் வயதில் நேரும் ஊட்டச்சத்துக் குறைபாடு, குறிப்பாக இரும்பு மற்றும் அயோடின் பற்றாக்குறை, கற்கும் திறனைப் பாதிக்கக்கூடும். பிற்காலத்தில் அளிக்கும் உணவால் அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்வது கடினம்.